இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்கும் சென்னை ஐஐடி குழு: அந்தத் தமிழில் நம் பேச்சு எங்கே?

ஸ்ரீ கெம்பாங்கான் – கைப்பேசியை வாய் அருகே பிடித்துத் தமிழில் பேசினால் அது எழுதிக் காட்டுகிறது. மலாயில் வந்த கடிதத்தைப் படம் எடுத்தால் தமிழில் சொல்கிறது. இதெல்லாம் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வியப்பான செய்தி இல்லை. ஆனால் இயந்திரம் தானாகத் தமிழ் பேசாது. யாரோ உட்கார்ந்து, யாருடைய தமிழையோ அதற்குக் கற்பித்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் அந்த விவரத்தைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. சென்னையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு மட்டும், எந்தத் தமிழை, யாரிடமிருந்து, எப்படித் திரட்டினோம் என்பதை எழுதி வைத்து, திரட்டியதையும் உலகத்துக்குத் திறந்து விட்டிருக்கிறது. அதன் பெயர் ஏஐ4பாரத்.

சென்னைக் குழுவைப் பற்றி இங்கே எதற்கு என்று கேட்கலாம். ஸ்ரீ கெம்பாங்கானுக்கு ஒரு பக்கம் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் சைபர்ஜெயாவில் பல்லூடகப் பல்கலைக்கழகம். இரண்டிலும் கணினித் துறை இருக்கிறது. நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதே வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில், தோட்டத்தை விட்டு வந்த தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் தமிழ் எந்தக் கணினிக்கும் தெரியாது. இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னைக் குழுவின் வேலை ஒரு கைகாட்டி.

நாளிதழ்த் தமிழில் தொடங்கிய வேலை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது சென்னை ஐஐடி, 1959இல் தொடங்கப்பட்டது. அங்கே இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தொழில்நுட்பத்தில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு நீண்ட காலம் உழைத்திருக்கிறது. ஏஐ4பாரத் அதற்குப் பிறகு வந்தது. பேராசிரியர் மிதேஷ் காப்ரா, பிரத்யுஷ் குமார், அனூப் குஞ்சுக்குட்டன் ஆகியோர் இதன் முன்னோடிகள். 2022 ஜூலையில் நந்தன் நிலேகணி, ரோகிணி நிலேகணி இணையர் வழங்கிய 36 கோடி ரூபாய் நன்கொடையில் 'நிலேகணி மையம்' என்ற பெயரில் அது ஐஐடி வளாகத்துக்குள் ஒரு நிலையான ஆய்வு மையமானது.

குழுவின் முதல் பெரிய வெளியீடு 2020இல் வந்தது. தமிழ் உள்ளிட்ட 11 இந்திய மொழிகளிலும் இந்திய ஆங்கிலத்திலும் ஏறத்தாழ 880 கோடி சொற்கூறுகள் கொண்ட எழுத்துத் தொகுப்பு அது. பெரும்பகுதி செய்தி இணையத்தளங்களிலிருந்து எடுக்கப்பட்டது. காரணம் எளிது. இந்திய மொழிகளில் தினமும், ஓரளவு பிழையின்றி, எல்லாத் துறை பற்றியும் எழுதப்படுவது செய்தி ஏடுகளில்தான். ஆக, கணினி முதலில் கற்ற தமிழ் நாளிதழ்த் தமிழ். செய்தியாளர்கள் மகிழலாம். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது: யாரும் வீட்டில் நாளிதழ்த் தமிழில் பேசுவதில்லை.

தமிழை நுழைப்பதே கணினிக்குச் சற்றுப் பளு என்பதையும் சொல்ல வேண்டும். 'மலேசியா' என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் கணினி 8 பைட் இடம் எடுத்துக்கொள்கிறது. தமிழில் எழுதினால் 21 பைட். ஒருங்குறி முறையில் ம, லே, சி, யா என்பவற்றின் எழுத்தும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடாகவும், ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகவும் சேமிக்கப்படுவதால் வருவது இது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த மொழி மாதிரிகள் தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். துண்டு கூடினால் வேகம் குறையும், செலவு கூடும். போதாததற்கு, 'போயிருக்கிறார்களாம்' என்ற ஒரே சொல்லில் போனவர் பலர், போய் முடிந்துவிட்டது, சொல்பவர் நேரில் பார்க்கவில்லை என்ற மூன்று செய்திகள் இருக்கின்றன. நன்னூல் படித்தவருக்கு இது பகுதி, விகுதி, இடைநிலை. நறுக்கும் கணினிக்கு வெறும் துண்டுகள். அதனால்தான் இந்திய மொழிகளை மையமாக வைத்து, நறுக்கும் முறையிலிருந்தே மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது.

ஐந்து கோடியிலிருந்து இருபத்து மூன்று கோடிக்கு

மொழிபெயர்ப்புக்கு இணை வாக்கியங்கள் வேண்டும். ஒரே செய்தி ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இப்படி இலட்சக்கணக்கில் காட்டினால்தான் இயந்திரம் பழகும். ஆள் வைத்து மொழிபெயர்த்தால் ஆயுள் போதாது. குழு வேறு வழி பிடித்தது. இணையத்தில் ஒரே நிகழ்வைப் பற்றி இரு மொழியிலும் வந்த பக்கங்களைத் திரட்டி, ஒவ்வொரு வாக்கியத்தையும் பொருளுக்கு ஏற்ப எண் வரிசையாக மாற்றும் பன்மொழி மாதிரி ஒன்றைப் பயன்படுத்தி, எண்களில் நெருங்கி நிற்கும் வாக்கியங்களை இணை சேர்த்தார்கள். 2021இல் வெளியான 'சமானந்தர்' தொகுப்பில் ஆங்கிலத்துக்கும் 11 இந்திய மொழிகளுக்கும் இடையே ஏறத்தாழ 5 கோடி இணைகள் இருந்தன.

2023இல் அடுத்த பாய்ச்சல். இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் ஒரே மொழிபெயர்ப்பு மாதிரி, 'இண்டிக்டிரான்ஸ்2'. அதற்கான தொகுப்பு 23 கோடி இணைகளாக வளர்ந்திருந்தது. அதில் 6 இலட்சத்து 44 ஆயிரம் இணைகளை மனிதர்கள் கையால் மொழிபெயர்த்தார்கள். மொத்தத்தில் அது மிகச் சிறு பங்குதான். ஆனாலும் தரத்தை நிறுத்திப் பிடிப்பது இந்தக் கைவேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இணையத்தில் எழுத்தே அதிகம் கிடைக்காத மொழிகளுக்கு அதை விட்டால் வழியும் இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்கத் தேர்வுத்தாள் வேண்டுமல்லவா? உலகம் முழுக்கப் புழங்கிவந்த தேர்வு வாக்கியங்கள் ஆங்கில விக்கி பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அதில் நம் ஊர்ச் சங்கதி வராது. ஏஐ4பாரத் குழு இந்தியச் சூழலிலிருந்தே 1,024 பொது வாக்கியங்களையும், உரையாடலுக்கென 1,503 வாக்கியங்களையும் தயாரித்து 22 மொழிகளிலும் தேர்வுத்தாளாக வெளியிட்டது. ஓராயிரம் வாக்கியம் என்பது ஒரு பல்கலைக்கழக மாணவர் குழு ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

பேச்சைத் தேடி மாவட்டம் மாவட்டமாக

எழுத்து இணையத்தில் கிடைத்துவிடும். பேச்சு கிடைக்காது. முதலில் குழு வானொலியிடம் போனது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகள் ஒலியாகவும் எழுத்தாகவும் இணையத்தில் இருந்தன. எந்த ஒலித் துண்டுக்கு எந்த வரி என்று கணினியே பொருத்தும்படி செய்து, 12 மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒலியை எழுத்தோடு இணைத்துவிட்டார்கள். தொகுப்புக்குப் பெயர் 'சுருதிலிபி'. புதிதாக ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யாமல் கிடைத்த புதையல் அது.

ஆனால் செய்தி வாசிப்பவர் குரல் நிதானமானது, பயிற்சி பெற்றது, ஒலிக்கூடத்தில் பதிவானது. சந்தைக் கடையில் நிற்பவர் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே அடுத்த கட்டமாக ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். 2024இல் 'இண்டிக்வாய்சஸ்' என்ற தொகுப்பின் முதல் வெளியீடு வந்தது. 145 மாவட்டங்கள், 22 மொழிகள், 16,237 பேர், 7,348 மணி நேரப் பேச்சு.

இந்த எண்ணைவிட முக்கியம் அந்தப் பேச்சு எந்த வகை என்பது. எழுதிக் கொடுத்ததைப் படித்தது வெறும் 9 விழுக்காடு. கேட்ட கேள்விக்குத் தன் போக்கில் பேசியது 74 விழுக்காடு. இருவர் உரையாடியது 17 விழுக்காடு. பேசுகிறவரின் வேலை, ஆர்வம் ஆகியவற்றுக்கு ஏற்பக் கேள்விகளைத் தயார் செய்திருந்தார்கள். விவசாயியிடம் பயிரைப் பற்றிக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். அரசியலமைப்பைப் பற்றிக் கேட்டால் மூடிக்கொள்ளும். ஆண், பெண், இளையோர், முதியோர், படித்தவர், படிக்காதவர், நகரம், கிராமம் என்று கலந்து எடுத்தார்கள்.

எழுத்தாக்கத்தில் அவர்கள் கையாண்ட முறை தமிழியல் படித்த எவருக்கும் ஆர்வம் தரும். ஒரே பேச்சை இரண்டு நிலையில் எழுதினார்கள். முதல் நிலையில் காதில் விழுந்தபடியே. இரண்டாம் நிலையில் ஓரளவு சீராக்கி. 'வந்துட்டேன்' என்று ஒருவர் சொன்னால் முதலில் அப்படியே எழுத வேண்டும், பிறகு 'வந்துவிட்டேன்'. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இத்தனை தூரம் உள்ள தமிழில் இந்த இரட்டைப் பதிவு இல்லாவிட்டால் கணக்கே தவறும். பேச்சறி கருவியின் தரத்தைச் சொற்பிழை விழுக்காட்டால் அளப்பார்கள். பத்துச் சொல்லில் இரண்டு தவறினால் 20 விழுக்காடு. கருவி 'வந்துட்டேன்' என்று சரியாகக் கேட்டு எழுதி, விடைத்தாளில் 'வந்துவிட்டேன்' என்று இருந்தால், சரியாகச் செய்ததற்கே ஒரு பிழை விழும். சொல்லைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்ற பழைய சண்டையும் இங்கே மதிப்பெண்ணைக் குறைக்கும்.

முதல் வெளியீட்டின்போது 7,348 மணி நேரத்தில் 1,639 மணி நேரம்தான் எழுத்தாக்கப்பட்டிருந்தது. ஒலியைப் பதிவு செய்வது எளிது. உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் கடினம். ஒரு மணி நேரப் பேட்டியைத் தட்டச்சு செய்து பார்த்த எந்தச் செய்தியாளரும் இதை ஒப்புக்கொள்வார்.

குரலை உருவாக்கும் பக்கத்திலும் குழு வேலை செய்திருக்கிறது. 2024இல் வந்த 'ரசா' என்ற தொகுப்பு அசாமியம், வங்காளம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளுக்கு உணர்ச்சியோடு பேசும் குரலைத் தருவதற்கானது. ஒவ்வொரு மொழியிலும் 10 மணி நேர இயல்பான பேச்சு. அதோடு கோபம், அருவருப்பு, அச்சம், மகிழ்ச்சி, துயரம், வியப்பு என ஆறு உணர்ச்சிகளுக்கும் தனித்தனிப் பதிவு. இந்த ஆறும் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் வகுத்தவை. தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு எட்டு. வெகுளி, இளிவரல், அச்சம், உவகை, அழுகை, மருட்கை என்று ஆறுக்கும் நேர்ச்சொல் கிடைத்துவிடுகிறது. மிஞ்சி நிற்பவை நகையும் பெருமிதமும். பெருமிதத்தோடு பேசத் தெரியாத தமிழ்க் குரலா என்று வகுப்பில் யாராவது கேட்கலாம். அடுத்த ஆய்வுக்குத் தலைப்பு தயார்.

ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே

2022 ஜூலையில் இந்திய அரசு 'பாஷினி' என்ற தேசிய மொழித் திட்டத்தைத் தொடங்கியது. பல நிறுவனங்களின் மாதிரிகள் அதில் இயங்குகின்றன. பெரும் பங்களிப்பவற்றில் ஏஐ4பாரத்தும் ஒன்று. 2023 டிசம்பரில் வாரணாசியில் நடந்த காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் மோடியின் இந்தி உரை, பாஷினி வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு உடனுக்குடன் தமிழில் ஒலித்தது. அது மேடை. நமக்குப் பயன் தரும் காட்சி வேறு.

2023இல் 'ஜுகல்பந்தி' என்ற உரையாடி சோதனைக்கு வந்தது. கிராமத்தில் ஒருவர் வாட்சாப்பில் தன் மொழியில் குரல் பதிவு அனுப்புவார்: எனக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்குமா? ஏஐ4பாரத்தின் பேச்சறி மாதிரி அதை எழுத்தாக்கும், மொழிபெயர்ப்பு மாதிரி ஆங்கிலமாக்கும், பெரிய மொழி மாதிரி ஒன்று அரசு ஆவணங்களில் விடை தேடும், அது திரும்பவும் அவருடைய மொழியில் குரலாகப் போகும். தொடக்கத்தில் 10 மொழிகள், 171 அரசுத் திட்டங்கள்.

இதை அப்படியே இங்கே வைத்துப் பாருங்கள். எஸ்டிஆர் உதவித்தொகை, சமூகநல இலாகா, சொக்சோ, இபிஎஃப். இவை பற்றிய தகவலெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இன்று முகப்பில் ஓர் அதிகாரி இருக்கிறார். கூடவே மகனோ பேத்தியோ வந்து பேசுகிறார்கள். நாளை முகப்பில் இருப்பது குரல் கேட்கும் இயந்திரமாக இருந்தால், யாருடைய பேச்சு அதற்குப் புரிகிறதோ அவருக்குத்தான் வேலை நடக்கும்.

பத்து வெள்ளி என்றால் என்ன?

தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "காலையில பசியாறிட்டு பாசாருக்குப் போனேன். இருபது வெள்ளிக்கு மீன் வாங்கினேன். வர்ற வழியில மாமாக் கடையில மீ கோரேங் தாப்பாவ் பண்ணிட்டு வந்தேன் லா."

நமக்கு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. தமிழ்நாட்டு மாவட்டங்களின் பேச்சில் மட்டும் பழகிய இயந்திரத்துக்கு எங்கெல்லாம் தடுக்கும்? 'வெள்ளி' அதற்கு ஒரு கிழமை, ஒரு கோள், ஓர் உலோகம், ரிங்கிட் இல்லை. 'பசியாறுவது' நமக்குக் காலை உணவு. அங்கே பசி ஆறுவது எந்த வேளையும் நடக்கும். 'பாசார்' மலாய், 'தாப்பாவ்' சீனம், கடைசியில் வரும் 'லா' எந்த இலக்கண நூலிலும் இல்லாத இடைச்சொல். பழகாத ஒலி வந்தால் பேச்சறி மாதிரி பேசாமல் இருக்காது. தனக்குத் தெரிந்த நெருக்கமான சொல்லைப் போட்டு நிரப்பிவிடும். அதுதான் ஆபத்து. வெற்றிடம் விட்டால் பார்க்கிறவர் சந்தேகப்படுவார். வழுவழுவென்று ஒரு தவறான வாக்கியம் வந்தால் நம்பிவிடுவார். மீன் வாங்கிய கதையில் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். கிளினிக்கில் எத்தனை மாத்திரை, எந்த வேளை என்ற கதையில் தவறினால்?

பால்மரத் தோட்டத்துச் சொற்கள் இன்னும் ஆழத்தில் இருக்கின்றன. பெரட்டு, தண்டல், மங்கு, ஆயாக் கொட்டகை, கித்தா மரம். நாவல்களிலும் சிறுகதைகளிலும் எழுத்தாக இருக்கின்றன. ஆனால் அவற்றை வாழ்ந்து பேசிய குரல்கள் நாளுக்கு நாள் குறைகின்றன. அந்தக் குரல்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது.

இதற்குச் சென்னைக் குழுவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுடைய பணி இந்திய அரசமைப்பின் 22 மொழிகள். பதிவு செய்தது இந்திய மாவட்டங்களில். ஈப்போவும் கிள்ளானும் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? இலங்கையில் மொறட்டுவ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுத் தேவையைப் பார்த்து, அரசு ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் முறையை உருவாக்கினார்கள். சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்ட 'ஏஐ சிங்கப்பூர்' திட்டம், தென்கிழக்காசிய மொழிகளுக்கான 'சீ-லயன்' மாதிரியில் தமிழையும் சேர்த்திருக்கிறது. அவரவர் வீட்டுத் தமிழை அவரவர்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

மலாய்க்கும் தமிழுக்கும் நடுவில் நிற்கும் ஆங்கிலம்

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்கு அன்றாடம் தேவைப்படுவது மலாய்–தமிழ் மொழிபெயர்ப்பு. ஆனால் உலகில் திரட்டப்பட்ட இணை வாக்கியங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம். மலாயும் தமிழும் நேருக்கு நேர் நிற்கும் வாக்கியங்கள் அரிது. அதனால் பல கருவிகள் மலாயை முதலில் ஆங்கிலமாக்கி, பிறகு தமிழாக்குகின்றன.

இதில் என்ன போய்விடும் என்பதற்கு ஒரு சான்று போதும். மலாயில் 'கித்தா' என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம். 'காமி' என்றால் கேட்பவரை விட்ட நாங்கள். (ரப்பரைக் குறிக்கும் நம் கித்தா வேறு, அது 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லின் மருவல்.) தமிழிலும் நாம், நாங்கள் என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மலாயில் தெளிவாக இருந்த ஒரு பொருள், தமிழிலும் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒரு பொருள், நடுவில் உள்ள இடுக்கு வழியில் உதிர்ந்துவிடுகிறது. 'நாங்கள் கட்டணத்தைச் செலுத்துவோம்' என்பதும் 'நாம் கட்டணத்தைச் செலுத்துவோம்' என்பதும் ஒன்றா? குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் இந்த ஒரு சொல்லுக்கே சண்டை வரும். உறவுமுறையும் அப்படித்தான். 'காக்காக்' என்றால் அக்கா. ஆங்கிலம் வழியாக வந்தால் வயது போய் வெறும் சகோதரி ஆகிவிடுகிறார். 'அபாங்' அண்ணன், வந்து சேரும்போது சகோதரர்.

சமூக ஊடகத் தமிழும் இப்படியே. தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துகள் 15,744ஐத் திரட்டி 2020இல் ஒரு தொகுப்பு வெளியானது. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ஒரே வரியில் கலக்கும் நம் புலனக் குழு உரையாடலுக்கு அப்படி ஒரு பெயர்பெற்ற தொகுப்பு இல்லை.

நம்மிடம் இருப்பவை

வெறுங்கையோடு தொடங்க வேண்டிய நிலை இல்லை. 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்த ஊர் கோலாலம்பூர். 2001இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் செல்லினமும் இந்த மண்ணில் முளைத்தவை. கணினியில் தமிழை எழுத வைத்ததில் மலேசியர் பங்கு பெரிது. எழுத வைத்தவர்கள் பேசவும் வைக்கலாம்.

மூலப்பொருளும் உண்டு. மின்னல் எஃப்எம் பல பத்தாண்டுகளாகத் தமிழில் செய்தி வாசிக்கிறது. வாசித்த ஒலியும் வாசிக்க எழுதிய தாளும் சேர்ந்து கிடைத்தால் சுருதிலிபி முறை அப்படியே பொருந்தும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் உள்ளிட்ட ஏடுகளில் நம் எழுத்து வழக்கு ஒரு நூற்றாண்டு அளவுக்கு இருக்கிறது. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் மூன்று மொழியும் அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மலாய்–தமிழ் இணை வாக்கியங்களைச் சரிபார்க்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

2024 டிசம்பரில் அரசாங்கம் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் 'இல்மு' என்ற மலேசிய மொழி மாதிரி வெளியானது. மலாயும் நம் நாட்டு வழக்குகளும் அதன் பலம். இந்த வரிசையில் தமிழுக்கு ஓர் இடம் கேட்பதென்றால் கோரிக்கை மனு மட்டும் போதாது, கையில் தரவு வேண்டும். என் கணக்கில் முதல் வேலை, முன்பு சொன்ன தேர்வுத்தாள். மலேசியத் தமிழில் ஓராயிரம் வாக்கியம்: பாசாரில், கிளினிக்கில், பள்ளிக் கூட்டத்தில், கோயில் வாசலில் பேசுபவை. அதைக் கொண்டு இருக்கிற கருவிகளைச் சோதித்தால், எது எத்தனை மதிப்பெண் வாங்குகிறது என்று எண்ணில் காட்டிவிடலாம். அதுவரை நாம் சொல்வதெல்லாம் வெறும் ஆதங்கம்தான்.

வீட்டிலிருந்தே தொடங்க விரும்புவோருக்கு

மொசில்லா நிறுவனத்தின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழ் இருக்கிறது. கைப்பேசி உலாவியிலேயே வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய்யலாம். மற்றவர் பதிவைக் கேட்டுச் சரிபார்க்கவும் செய்யலாம். திரளும் தொகுப்பை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உங்கள் குரலும் உச்சரிப்பும் அதில் சேரும். ஆனால் திரையில் வரும் வாக்கியத்தைத்தான் படிக்க வேண்டும் என்பதால் நம் சொற்கள் தானாக வந்துவிடாது.

சொற்களுக்கு, வீட்டுப் பெரியவர்களைப் பதிவு செய்வதுதான் வழி. எதற்குப் பதிவு செய்கிறோம், யார் கேட்கலாம் என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அந்த ஒப்புதலையும் பதிவின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு, புலனத்தின் குரல் பதிவை விடுத்து ஒலிப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். அனுப்பும்போது புலனம் ஒலியைச் சுருக்கிவிடும். கேள்வியைச் சிறியதாகக் கேட்டு, குறுக்கே பேசாமல் விடுங்கள். 'தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது' என்று கேட்டால் 'கஷ்டம்தான்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். 'காலையில் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழும்புவீங்க, மங்கை எப்படித் துடைப்பீங்க' என்று கேட்டால் அரை மணி நேரம் போகும். பேசியவர் பிறந்த ஆண்டு, வளர்ந்த தோட்டம், பேசிய நாள் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பிறகு முதல் ஐந்து நிமிடத்தையாவது காதில் விழுந்தபடி, திருத்தாமல், தட்டச்சு செய்யுங்கள். 'வெள்ளி' என்று சொன்னால் 'வெள்ளி' என்றே.